17 வயதுப் பையன் அரிவாள் எடுத்தால்: இங்கே என்ன நடக்கிறது, மற்ற நாடுகளில் என்ன நடக்கிறது?

குடமுருட்டிக்கரை (திருவையாறு), இழையைத் தொடங்கியவர்

வணக்கம். திருவிழா முடிந்த ராத்திரி பள்ளிக்கூடப் பையன்களுக்குள் வெட்டு, ஒருவன் ஆஸ்பத்திரியில் என்ற செய்தி நம்ம பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கூடவே பையன்களின் போட்டோவும் சுற்றுகிறது. முதலில் அதை அழியுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, சிக்கிய சிறுவனின் பெயரையோ முகத்தையோ பள்ளிக்கூடத்தையோ வெளியிடுவது குற்றம். அடிபட்ட சிறுவனுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. இந்த இழையிலும் யாரும் ஊர், தெரு, பெயர் எழுத வேண்டாம்.

சட்ட உதவி வழக்குகளில் சிறார் தரப்பில் ஆஜராகிறவன் நான். குழுக்களில் இரண்டு பேச்சு ஓயாமல் வருகிறது. ஒன்று, "18 ஆகலைன்னா ஒண்ணும் செய்ய முடியாது, மூணு வருஷத்துல வந்துடுவான்." இன்னொன்று, "வெளிநாடா இருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி." இரண்டையும் பேசிப் பார்த்துவிடலாம் என்றுதான் இந்த இழை.

நம்ம சட்டம் 2015-ல் மாறியது, 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. டெல்லியில் 2012-ல் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவியைக் கூட்டுப் பலாத்காரம் செய்து கொன்ற சம்பவத்தில் ஒருவனுக்கு 18 ஆகவில்லை, அவனுக்கு மூன்று வருஷம்தான் என்றபோது நாடே கொதித்தது. அதன் விளைவுதான் இந்த மாற்றம். 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவன் கொடுங்குற்றம் செய்ததாக வழக்கு வந்தால், இளைஞர் நீதிக் குழுமம் (சிறார் வழக்குகளைப் பார்க்கும் அமைப்பு) அவனை மதிப்பீடு செய்து, பெரியவர்களைப் போல் விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். தூக்கு கிடையாது, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. மற்றபடி நீண்ட தண்டனை வரலாம். ஆகவே "ஒண்ணும் செய்ய முடியாது" என்பது தப்பு.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை வருஷம் உள்ளே என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம் அதில் இல்லை. பையன் பிடிபட்டதிலிருந்து தீர்ப்பு வரைக்கும் அவனோடு யார் இருக்கிறார்கள், அடிபட்டவன் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. நாம் கோட்டை விடுவதும் அங்கேதான். வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் அங்கே பார்த்ததைச் சொல்லுங்கள்.

ஏட்டையா (வலங்கைமான்)

வக்கீல் தம்பி, நான் காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டத்தை நீங்கள் சரியாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் களத்தில் நடப்பது வேறு.

இன்றைக்குக் கூலிக்கு வெட்டுகிற கும்பல்கள் 16, 17 வயதுப் பையன்களைத் தேடிப் பிடிக்கின்றன. ஒரு பைக், ஒரு செல்போன், பிரியாணி, கூடக் கஞ்சா. "உனக்கு 18 ஆகல, உள்ளே வைக்க மாட்டாங்க" என்று பையனிடம் சொல்லியே அனுப்புகிறார்கள். சட்டத்தின் இரக்கத்தைப் பெரியவர்கள் கேடயமாகப் பிடிக்கிறார்கள். பிடித்து வந்தால் லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன்னால் நிறுத்த வேண்டும். எல்லாம் சரி. ஆனால் அவன் வெளியே வந்த அன்றைக்கே அரிவாளோடு நிற்கிற பழைய போட்டோவை ஸ்டேட்டஸ் வைக்கிறான், கீழே நூறு பேர் "சிங்கம்டா" என்று போடுகிறார்கள். அடிபட்டவன் தெரு வழியாகவே பைக்கில் முறுக்கிக்கொண்டு போகிறான். அடுத்த வெட்டுக்கு அங்கே விதை விழுகிறது.

வயதை 16 ஆகக் குறைக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. 1986 சட்டத்தில் ஆண் பிள்ளைக்கு 16 தானே இருந்தது? 2000-ல்தான் 18 ஆக்கினார்கள்.

குடமுருட்டிக்கரை

ஏட்டையா, கும்பல் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் அதற்குப் பிரிவு இருக்கிறது. சட்டவிரோத வேலைக்குக் குழந்தையைப் பயன்படுத்தும் பெரியவருக்கு 83-வது பிரிவில் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஐந்து லட்சம் அபராதம். எத்தனை எஃப்.ஐ.ஆரில் அந்தப் பிரிவைச் சேர்க்கிறார்கள்? நான் பார்த்த வழக்குகளில் அது இருந்ததே இல்லை. அனுப்பியவனை விட்டுவிட்டுப் போனவனின் வயதைக் குறைத்தால், கும்பல் 15 வயதுப் பையனைத் தேடும். சுவீடனில் குற்றப் பொறுப்புக்கு வயது 15. அங்கே கும்பல்கள் அதற்கும் கீழே உள்ள பிள்ளைகளைச் செல்போன் வழியாகவே ஆள் சேர்க்கின்றன. அரசு கடுங்குற்றங்களுக்கு 13 ஆகக் குறைக்க வேண்டும் என்று முன்வைத்தது.

இன்னொரு விஷயம், பலருக்கும் தெரியாதது. கொடுங்குற்றம் என்றால் குறைந்தபட்ச தண்டனையே ஏழு வருஷமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். கொலைக்குக் குறைந்தது ஆயுள், ஆகவே அது சேரும். கொலை முயற்சிக்கு அதிகபட்சம் ஆயுள் வரை உண்டு, ஆனால் குறைந்தபட்சம் என்று எதுவும் சட்டத்தில் எழுதப்படவில்லை. இப்படிப்பட்ட குற்றங்கள் கொடுங்குற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. அப்படியானால் ஒரே அரிவாள், ஒரே கோபம், வெட்டு அரை அங்குலம் தள்ளி விழுந்து ஆள் பிழைத்தால் அதிகபட்சம் மூன்று வருஷம் சிறாருக்கான சிறப்பு இல்லம். ஆள் இறந்தால் பெரியவர்களுக்கான விசாரணை வரலாம். நடுவில் ஒன்றுமே இல்லை. இந்த இடத்தில் சட்டம் எனக்கும் உறுத்துகிறது.

பட்டுக்கோட்டையான் (சிங்கப்பூர்)

இங்கே 2021 ஜூலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே 16 வயது மாணவன் 13 வயதுப் பையனைக் கோடரியால் வெட்டிக் கொன்றான். இருவருக்கும் முன்பின் பழக்கமே இல்லை. நம்ம ஊர் ஆட்கள் டீக்கடையில் பேசிக்கொண்டது "சிங்கப்பூர்ல தூக்குதான்" என்று. கிடையாது. 18-க்குக் கீழே செய்த குற்றத்துக்கு இங்கேயும் தூக்கு இல்லை. அவனுக்குக் கடுமையான மனச்சோர்வு நோய் இருந்ததை மருத்துவர்கள் உறுதி செய்தார்கள், கொலைக் குற்றச்சாட்டு ஒரு படி குறைக்கப்பட்டது, 2023 டிசம்பரில் 16 வருஷம் சிறை கொடுத்தார்கள். குற்றப் பொறுப்பு வயதையும் 2020-ல் 7-லிருந்து 10-க்கு உயர்த்தினார்கள். கறாரான நாடு என்று நாம் நினைக்கிற நாடே இந்த விஷயத்தில் வயதைக் கூட்டியிருக்கிறது.

நான் கவனித்தது வேறு. சம்பவம் நடந்த அடுத்த சில நாட்களுக்குள் அந்தப் பள்ளியில் மற்ற பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகர்கள் உட்கார்ந்தார்கள். நாடாளுமன்றத்தில் அமைச்சர் எழுந்து பள்ளிகளில் மனநலத்துக்கு என்ன செய்யப் போகிறோம் என்று சொன்னார். இதே சிங்கப்பூரில் பெரிய பையன்களுக்குப் பிரம்படித் தண்டனையும் உண்டு, அதை நான் ஆதரிக்கவில்லை. கறாரும் இருக்கிறது, கூடவே ஆளும் அனுப்புகிறார்கள். நம்ம ஊரில் கறாரைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம்.

அரசலாற்று அக்கா (காரைக்கால், இப்போது பாரீஸ் புறநகர்)

காரைக்கால்காரி நான். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். இங்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் உதவியாளராக வேலை. எங்கள் பள்ளிப் பையன்கள் சிலர் சிறார் நீதிபதியிடம் போய் வந்ததைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

1945 பிப்ரவரியில், போர் முடிவதற்கு முன்னாலேயே, சிறாருக்குத் தனிச் சட்டம் போட்டவர்கள் இவர்கள். அதில் எனக்குப் பிடித்தது சிறார் நீதிபதி என்ற பதவி. வீட்டில் அடிபடுகிற பிள்ளையின் கோப்பும் அதே நீதிபதியிடம்தான், அந்தப் பிள்ளை வளர்ந்து ஒருவனைக் குத்தினால் அந்தக் கோப்பும் அவரிடமே வரும். அதனால் பையன் உள்ளே நுழையும்போதே நீதிபதிக்கு அவன் அப்பா குடிப்பது தெரியும், அம்மா ராத்திரி துப்புரவு வேலைக்குப் போவது தெரியும்.

2021 செப்டம்பர் முதல் புதுச் சட்டத் தொகுப்பு. இரண்டு கட்டமாக விசாரிக்கிறார்கள். முதல் விசாரணை மூன்று மாதத்துக்குள். செய்தானா, செய்யவில்லையா என்பதை மட்டும் முடிவு செய்கிறார்கள். காயம்பட்டவருக்கு எவ்வளவு இழப்பீடு என்பதும் அன்றைக்கே பேசப்படுகிறது. பிறகு ஆறு முதல் ஒன்பது மாதம் பையனைக் கவனிக்கிறார்கள். பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறானா, போகக் கூடாத இடத்துக்குப் போகிறானா, சொன்ன வேலையைச் செய்கிறானா என்று ஒரு கல்வியாளர் (பையனுக்கு வழிகாட்டுகிற பணியாளர்) எழுதிக் கொடுப்பார். அதைப் பார்த்துத்தான் இரண்டாவது விசாரணையில் தண்டனை. 13 வயதுக்குக் கீழே சிறையே இல்லை. அதற்கு மேலே பெரியவர்களின் தண்டனையில் பாதி என்பது பொது விதி, 16-க்கு மேல் சில வழக்குகளில் அந்தச் சலுகையை எடுத்துவிடலாம்.

இங்கே எல்லாம் சுகம் என்று சொல்லவில்லை. கல்வியாளர் ஒருவர் தலையில் ஏகப்பட்ட பிள்ளைகள், அவர் வருவதற்கே வாரங்கள் ஆகின்றன. "இன்னும் இறுக்கு" என்ற கூச்சல் இங்கேயும் ஓயாது. 2025-ல் சட்டத்தை இறுக்கினார்கள், அரசியல் சாசன மன்றம் முக்கியமான பகுதிகளை ரத்து செய்தது.

நாகூர்த்துறை (லண்டன்)

எல்லோரும் இதமான பக்கத்தைச் சொல்கிறீர்கள். இங்கிலாந்தையும் கேளுங்கள். இங்கே குற்றப் பொறுப்பு வயது 10. 1993-ல் லிவர்பூல் பக்கம் இரண்டு 10 வயதுப் பையன்கள் இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றார்கள். பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில், ஊரே பார்க்க விசாரணை. குற்றவாளிக் கூண்டிலிருந்து எட்டிப் பார்க்க முடியாத உயரம் அந்தப் பிள்ளைகள், அதற்காகக் கூண்டுத் தரையை உயர்த்தினார்கள். அது நியாயமான விசாரணை இல்லை என்று 1999-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. அந்தக் கொலைக்கு அடுத்த வருஷமே, 1994-ல், நார்வேயில் ஐந்து வயதுச் சிறுமியை ஆறு வயதுப் பையன்கள் அடித்துப் போட்டார்கள், பனியில் உயிர் போய்விட்டது. அங்கே வழக்கே இல்லை. அந்தப் பையன்களைத் திரும்பப் பாலர் பள்ளிக்கு அனுப்பி, உளவியலாளர்களைக் கூட வைத்தார்கள். இறந்த பிள்ளையின் ஊர்க்காரர்களும் அந்தப் பையன்களைச் சின்னப் பிள்ளைகளாகத்தான் பார்த்தார்கள்.

2024-ல் சவுத்போர்ட்டில் நடனப் பயிற்சிக்கு வந்த மூன்று சிறுமிகளைக் குத்திக் கொன்றவனுக்கு அப்போது 17. வாழ்நாள் முழுக்க வெளியே வராத தண்டனையைக் கொடுக்க முடியவில்லை, காரணம் 18-க்குச் சில நாள் குறைவு. குறைந்தது 52 வருஷம் கழிந்த பிறகுதான் வெளியே வருவதைப் பற்றிப் பேச முடியும் என்று நீதிபதி வைத்தார். அதற்கு முன்பே வேறொரு நீதிபதி அவன் பெயரை வெளியிடவும் அனுமதித்திருந்தார். ஏனென்றால் யாரோ பொய்ப் பெயரைப் பரப்பி, அதை நம்பி ஊர் ஊராகக் கலவரம் நடந்துகொண்டிருந்தது. வாட்ஸ்அப் போட்டோ பற்றி வக்கீல் சொன்னதை அதனால் நான் ரொம்பக் கவனமாக எடுத்துக்கொள்கிறேன்.

அந்த மூன்று சிறுமிகளின் பெற்றோருக்கு 52 என்ற எண் எவ்வளவு ஆறுதல் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நம்ம சட்டத்தின் மூன்று வருஷமும் அந்த மாதிரிக் குற்றத்துக்கு நியாயமில்லை. பெரியவர் போல் விசாரிக்கலாம் என்ற 2015 மாற்றத்தை நான் ஆதரிக்கிறேன்.

வாத்தியார் (மன்னார்குடி)

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். வயது பற்றி ஒன்று சொல்கிறேன், இங்கே இன்னும் யாரும் தொடவில்லை.

டெல்டா கிராமங்களில் பள்ளிப் பதிவேட்டைப் புரட்டினால் பாதிப் பிள்ளைகள் மே, ஜூனில் பிறந்திருப்பார்கள். நடவு ஆள் வேலைக்குப் போகிற வீட்டில், பையன் வீட்டில் கிடந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, பள்ளிக்கூடத்தில் போட்டால் சாப்பாடாவது கிடைக்கும் என்று ஐந்து வயது நிரம்பும் முன்பே கொண்டுவந்து விடுவார்கள். சேர்ப்பதற்கு வயது இடித்தால் பிறந்த தேதியை முன்னுக்குக் கொண்டுபோய் வயதைக் கூட்டிப் போட்டுக்கொள்வார்கள். இப்போது பிறப்புச் சான்றிதழ் கேட்பதால் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. வயதை முடிவு செய்யும் சட்டப் பிரிவில் பள்ளிச் சான்றிதழுக்குத்தான் முதலிடம், உள்ளாட்சிப் பிறப்புச் சான்றிதழ் அதற்கு அடுத்தது, எலும்புப் பரிசோதனை கடைசி. ஆகவே நிஜத்தில் 17 வயது எட்டு மாதம் உள்ள பையன் காகிதத்தில் 18 தாண்டியவனாக நிற்கலாம். 18 தாண்டினால் பெரியவர்களுக்கான வழக்குதான்.

ஒரு தாய் மஞ்சள் பைக்குள் மாற்றுச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். மூன்றிலும் மூன்று தேதி. பிரசவச் சீட்டில் பேனா மை கலைந்து வருஷத்தின் கடைசி எண் 7 ஆ 1 ஆ என்று புரியவில்லை. சன்னல் ஓரம் வைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். 16-ஆ 18-ஆ என்று சண்டை போடுகிறவர்கள், அந்த எண் எப்படி உண்டாகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்புறம், கையில் சாதிக் கயிறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே வீடு புகுந்து அண்ணனையும் தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு வேண்டாம் என்று அதில் இருக்கிறது. நம்ம மாவட்டங்களில் இது தெற்கத்திச் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். திருவிழா ஃபிளெக்ஸில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் படம் எந்த வரிசையில் வைக்கப்படுகிறது என்று பாருங்கள்.

பெயர் வேண்டாம் (பாபநாசம் பக்கம்)

முதல் தடவை எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் வெட்டுப்பட்டவன். இப்போது நடந்த சம்பவம் இல்லை, முன்னால் நடந்தது. வலது மணிக்கட்டில் நரம்பு அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவில்லை. சோறு பிசைய வராது, கரண்டியால் சாப்பிடுகிறான். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு வேறு ஆள் எழுதினார். சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிடுகிறேன், அதற்கு அவனுக்கு வெட்கம், கண்ணை மூடிக்கொண்டு நிற்பான்.

வெட்டிய பையனுக்கு ஆலோசகர் உண்டு, நன்னடத்தை அலுவலர் உண்டு, வக்கீல் உண்டு. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவனும் ஒரு பிள்ளை. என் மகனுக்கு யார் இருந்தார்கள்? விசாரணைக்கு ஒரு நாள் போனேன். சிறார் விசாரணை, உள்ளே விட முடியாது என்றார்கள். வேப்ப மரத்தடியில் நின்றுவிட்டு வந்தேன். என்ன முடிவு ஆச்சு என்று ஒருவரும் சொல்லவில்லை. அவன் பைக்கில் போனதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கா எழுதியதைப் படித்தேன். முதல் விசாரணையிலேயே காயம்பட்டவருக்கு என்ன என்று பேசுகிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

குடமுருட்டிக்கரை

அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. நான் எதிர்த்தரப்பில் நிற்கிற வக்கீல், அதனால் இதைப் படிப்பது எனக்கு ரொம்ப முக்கியம். குழுமத்தின் அறையில் பையன் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பான், மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இந்தப் பக்கம். அங்கி கிடையாது, கூண்டு கிடையாது. பையன் பயப்படாமல் பேச வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. அந்த மேசையில் காயம்பட்டவருக்கு நாற்காலி போட யாரும் யோசிக்கவில்லை.

நியூசிலாந்தில் 1989-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மாவோரி மக்கள் பிள்ளைகள் விஷயத்தைச் சொந்தபந்தம் கூடி முடிவு செய்கிற வழக்கத்திலிருந்து எடுத்தது. பையன், அவன் குடும்பம், போலீஸ், காயம்பட்டவர், அவருக்குத் துணைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு அறையில் உட்காருகிறார்கள். ஒருங்கிணைக்க அரசு அலுவலர் ஒருவர். பட்டது என்ன என்பதைப் பட்டவர் வாயால் பையன் கேட்க வேண்டும். பிறகு அவன் என்ன செய்ய வேண்டும் என்று திட்டம் எழுதி, நீதிமன்றம் அதைக் கண்காணிக்கிறது. கொலை வழக்கு இதற்குள் வராது, மற்ற வன்முறை வழக்குகள் நிறைய வரும். நம்ம சட்டத்தில் இதற்கு இடம் உண்டாக்குவது வயதைக் குறைப்பதைவிட அவசரம் என்பது என் எண்ணம்.

பெயர் வேண்டாம் (பாபநாசம் பக்கம்)

ஐயா, அப்படி ஒன்று எங்களுக்கும் நடந்தது. கோயில் மண்டபத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம் இருபது பேர், நாங்கள் மூன்று பேர். "சின்னப் பசங்க சண்டை, ராஜியா போங்க" என்றார்கள். என் மாமனார் அவர்கள் வயலில்தான் வேலை பார்க்கிறார். நான் பேசவே இல்லை.

ஏட்டையா (வலங்கைமான்)

இதுதான் தம்பி நான் சொல்ல வந்தது. நம்ம ஊரில் நாற்காலி போட்டால், நிலம் வைத்திருக்கிறவன் நாற்காலியில் உட்காருவான், மற்றவன் கைகட்டி நிற்பான். நியூசிலாந்துக்காரன் கதை இங்கே செல்லாது.

வயதைக் குறைப்பது பற்றி நீங்கள் சொன்ன சுவீடன் விஷயத்தை யோசித்தேன். என் கருத்து மாறவில்லை. ஆனால் 83-வது பிரிவை எஃப்.ஐ.ஆரில் சேர்ப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். கூட ஒன்று. 18 ஆகாத பையனுக்கு பைக் கொடுத்த அப்பனுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் மூன்று வருஷம் வரை சிறை, 25 ஆயிரம் அபராதம் உண்டு, 2019 திருத்தம். அதையாவது முதலில் போடட்டும்.

அரசலாற்று அக்கா (காரைக்கால், இப்போது பாரீஸ் புறநகர்)

ஏட்டையா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோயில் மண்டபமும் நீதிமன்றம் நடத்துகிற கூட்டமும் ஒன்றில்லை. ஊருக்கு வெளியே, மாவட்டத் தலைநகரில், இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, காயம்பட்டவருக்கு அரசு வக்கீல், வர விருப்பமில்லை என்றால் வராமல் இருக்கும் உரிமை. இது இல்லாமல் செய்தால் அது ராஜிதான். அம்மா பேசாமல் வந்தது சரி.

குடமுருட்டிக்கரை

அக்கா சொன்ன நிபந்தனைகள் இல்லாமல் நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏட்டையா சொன்ன பயத்தை நான் குறைத்து எடைபோடவில்லை. ராஜி என்று சொல்லிப் புகாரை வாபஸ் வாங்க வைத்த வழக்குகள் என் மேசையிலும் வந்திருக்கின்றன.

அம்மா, சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடியது இது. ஒன்று, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள். வெட்டியவன் சிறுவன் என்பதால் உங்கள் மகனுக்கு அந்த உரிமை போய்விடாது. ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, கையின் ஊனத்தைக் காட்டும் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர் நகல் மூன்றும் வேண்டும். வக்கீலுக்குக் கட்டணம் கிடையாது, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசம். இரண்டு, குழுமம் என்ன உத்தரவு போட்டது என்பதற்கு நகல் கேட்டு மனு போடுங்கள். உத்தரவில் குறை இருந்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் ஏற்கலாம். உங்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை என்பதே ஒரு காரணம். சில விடுவிப்பு உத்தரவுகளுக்கு மேல்முறையீடு கிடையாது, அதனால் நகலைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். சம்பவம் 2024 ஜூலைக்குப் பிறகு என்றால், 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று போலீஸே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், அதையும் மனுவில் எழுதலாம்.

நான் சிறார் தரப்பில் ஆஜராகிறவன், உங்கள் வழக்கை நான் எடுப்பது முறையில்லை. வேறு வக்கீலைக் கேட்டு வாங்குங்கள்.

வாத்தியார் (மன்னார்குடி)

அம்மா, மனு எழுதத் துணை வேண்டுமென்றால் இந்தத் தளத்திலேயே எனக்குத் தனிச் செய்தி போடுங்கள். தஞ்சாவூர் வரை நானும் கூட வருகிறேன். பையனையும் அழைத்து வாருங்கள். இடது கையால் எழுதப் பழக வைத்த பிள்ளைகள் எனக்குத் தெரியும், அது பற்றியும் பேசலாம்.

பெயர் வேண்டாம் (பாபநாசம் பக்கம்)

டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறது. எஃப்.ஐ.ஆர் நகல் எங்களிடம் இல்லை, ஸ்டேஷனில் போய்க் கேட்க வேண்டுமா ஐயா?

ஏட்டையா (வலங்கைமான்)

புகார் கொடுத்தவருக்கு அந்த நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும், அது சட்டம். புகாரில் கையெழுத்துப் போட்டது யார் என்று மட்டும் எனக்குச் செய்தி போடுங்கள் அம்மா. எந்த அதிகாரியிடம், எப்படி எழுதிக் கேட்பது என்று சொல்கிறேன்.